இதய வடிவில் இரண்டு கைகள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் மூணாம் மாடி. ஏழு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியைத் துடைக்கிறவள் என்பதால் அப்படி ஆயிற்று. "மூணாம் மாடியக் கூப்பிடு", "மூணாம் மாடி இன்னைக்கு லீவாமே" என்று சொல்லிச் சொல்லி, சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைக் கேட்டால் சூப்பர்வைசரே கொஞ்சம் மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பார். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நாற்பத்தேழு வயது. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. முட்டி வலியைத் தவிர பெரிய குறை கிடையாது. கோபம் என்பது வசதி உள்ளவர்களுக்கு வருகிற வியாதி என்று தங்கச்சியிடம் அடிக்கடி சொல்வாள்.

அந்த வியாதி அவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வந்தது.

முந்தின நாள் ஆட்கள் வந்து ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படத்தை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடி போட்ட சட்டம். சட்டம் துடைப்பதும் அவள் வேலையில் சேர்த்திதான். தண்ணீரைத் தெளித்து, துணியை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைப் பின்னணி. நடுவில் இதய வடிவத்தில் ஒரு போட்டோ. ஓரம் கத்தரியால் வெட்டினது போல இல்லாமல், எங்கே முடிகிறது என்றே தெரியாதபடி வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்திருந்தது. உள்ளே அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தை. அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். கீழே கொட்டை எழுத்தில், 'கைராசி என்றால் நாங்கள்'. அதற்குக் கீழே பிரசவ டாக்டரம்மாவின் பெயர், வாலாக நீளும் பட்டங்கள்.

துணி பாதியில் நின்றது.

படத்தில் இருந்த வலது கையின் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, ஒரு பாதி கறுத்திருந்தது. மணிக்கட்டில் கரண்டி அளவுக்கு ஒரு தழும்பு. அவள் துணி பிடித்திருந்த கையைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்டோர் ரூம் கதவில் நசுங்கிய நகம். கக்கூஸ் ஆசிட் தெறித்து வெந்த இடம். ஒரு வித்தியாசமும் இல்லை. இதயத்தின் ஓரத்தில், கரைகிற இடத்தில், நீல நிறம் லேசாகப் புகை மாதிரி தெரிந்தது. அது அவளுடைய யூனிஃபார்ம் கை. டாக்டர்கள் பச்சை போடுவார்கள்; நீலம் துடைக்கிறவர்களுக்கு.

"அடப்பாவிங்களா" என்றாள், யாரும் இல்லாத வராந்தாவில்.

நடந்தது இதுதான். பதினோரு மாதத்துக்கு முன்னால் சாமான் லிஃப்ட் பழுதாகி நின்றிருந்த ஒரு மத்தியானம், வாளியும் மாப்புமாக நோயாளிகளுக்கான லிஃப்டில் ஏறினாள். உள்ளே வீல்சேரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, பக்கத்தில் அவள் புருஷன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்கல் குலுக்கி நின்றுவிட்டது. புருஷன் கதவைத் தட்டிக் கத்தினான். மணியை அழுத்தினான். பத்து நிமிஷம் போயிற்று. அந்தப் பெண் "வருது, வருது" என்று அலற ஆரம்பித்தாள். மூணாம் மாடி இரண்டு பெற்றவள். தங்கச்சியின் பிரசவத்தில் கூட நின்றவள். அவ்வளவுதான் அவளுடைய படிப்பு. பெண்ணைக் கீழே சாய்த்து உட்காரவைத்தாள். "என்னைப் பாரு, கதவைப் பாக்காத, என்னைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை வந்தபோது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. விரலை உள்ளே கொடுத்துத் தலைவழியாகக் கழற்றினாள். அழவில்லை. முதுகைத் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதது.

எலக்ட்ரீஷியன் கதவை நெம்பித் திறந்தபோது டாக்டரம்மா, நர்சுகள் எல்லாரும் வெளியே நின்றார்கள். சுவரில் சாய்ந்து, மடியில் கைகளுக்குள் குழந்தையோடு, பக்கத்தில் வாளியோடு அவள் உட்கார்ந்திருந்ததை அந்தப் புருஷன் அழுதுகொண்டே போனில் ஒரு படம் எடுத்தான். அதோடு தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய்விட்டார்கள். அவள் லிஃப்டைக் கழுவிவிட்டாள். மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. துப்புரவுச் சாமான்களோடு நோயாளிகள் லிஃப்டில் ஏறியதற்காக எச்சரிக்கை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, தன் நகலை வாங்கி வைத்துக்கொண்டாள். அதற்குக்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை. தப்புத்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் தங்கச்சி சாப்பாட்டு டப்பாவோடு மேலே வந்தாள். படத்தைப் பார்த்தாள், அக்காவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, உன் கைதான்! எவ்ளோ பெருசா வெச்சிருக்காங்க!"

"சிரிக்காத. கீழ யார் பேரு இருக்குன்னு படி."

தங்கச்சி படித்தாள். சிரிப்பு நின்றது. "போகட்டும் விடுக்கா" என்றாள். "உன் மூஞ்சிய போட்டா மட்டும் நமக்கென்ன ஆகப்போகுது? இருக்கிற வேலைய பாப்போம்."

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சொல்லுவாங்க. இங்க கையும் ஊரான் வீட்டுக் கைடி."

அன்றைக்கே டாக்டரம்மா ரவுண்ட்ஸ் முடிந்து லிஃப்டுக்கு வந்தார். மூணாம் மாடி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் போய் நின்றாள். "டாக்டரம்மா, இந்தப் படத்துல இருக்கறது என் கைங்க." டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். அவர் அதுவரை அதை நின்று பார்த்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "அட, ஆமா. அன்னைக்கு நீங்கதானே இருந்தீங்க? நான் ஒண்ணும் கேக்கலம்மா, பப்ளிசிட்டில அவங்களா போட்டுருக்காங்க. சொல்றேன்." லிஃப்ட் கதவு மூடியது. சொல்கிறேன் என்ற சொல்லுக்கு அந்தக் கட்டடத்தில் என்ன அர்த்தம் என்று பத்து வருஷமாகத் துடைக்கிறவளுக்குத் தெரியாதா?

மறுநாள் வேலை முடிந்ததும் தரைத்தளத்தில் பதிவேட்டு அறைக்குப் பக்கத்தில் இருந்த பப்ளிசிட்டி ரூமுக்குப் போனாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. இரண்டு திரைகளுக்கு முன்னால் டிசைனர் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் வலிக்குப் பட்டை மாட்டியிருந்தாள். சுவர் முழுக்க அவள் செய்த வேலைகள்: வட்டத்துக்குள் நர்ஸ், முட்டை வடிவத்துக்குள் ஸ்கேன் மெஷின், நட்சத்திரத்துக்குள் டைரக்டர். எல்லாவற்றுக்கும் ஓரம் பஞ்சு பஞ்சாக இருந்தது.

"இதெல்லாம் நீ பண்ணதா?"

"ஆமாக்கா. என்ன வேணும்?"

மூணாம் மாடி வலது கையை நீட்டி, திரைக்கு முன்னால் பிடித்தாள்.

டிசைனர் நகத்தைப் பார்த்தாள். தழும்பைப் பார்த்தாள். அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று. "அய்யோ. நீங்களா அது?"

"என் தலைய எங்க வெட்டிப் போட்ட?"

"வெட்டலக்கா. சத்தியமா வெட்டல. இருங்க, காட்டறேன்." ஃபைலைத் திறந்தாள். திரையில் இதயம் வந்தது. "முழுப் படமும் உள்ளதான் இருக்கு. மேல ஒரு மாஸ்க் போட்டுருக்கேன். இதயத்துக்கு உள்ள இருக்கறது தெரியும், வெளிய இருக்கறது மறையும், அவ்வளவுதான். ஓரம் வெடுக்குன்னு தெரியக் கூடாதுன்னு ஃபெதர் குடுத்தேன். எண்பது."

"எண்பது என்ன?"

"எவ்ளோ தூரத்துக்குக் கரையணும்னு கணக்கு. அஞ்சு குடுத்தா கத்தியால வெட்டுன மாதிரி இருக்கும். எண்பது குடுத்தா மேகம் மாதிரி ஆயிடும். நாலு வருஷம் கல்யாண ஆல்பம் பண்ணேங்க்கா, அந்தப் பழக்கம். இதயம் இல்லாம எனக்கு வேலை ஓடாது."

ஒரு பொத்தானை அழுத்தினாள். மாஸ்க் போயிற்று. வெள்ளை விலகி, இதயத்தைச் சுற்றி மற்றதெல்லாம் வந்து நின்றது: லிஃப்டின் தகரச் சுவர், வாளி, மாப்பு, தரையில் ரத்தம், வீல்சேரின் ஒரு சக்கரம். நடுவில் அவள். முடி கலைந்து, வியர்த்து, வாய் கொஞ்சம் திறந்து, கேமராவைப் பார்க்காமல் குழந்தையையே பார்த்துக்கொண்டு. அப்படி ஒரு முகம் தனக்கு இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

டிசைனர் மறுபடி அழுத்தினாள். முகம் மறைந்தது. கைகள் மட்டும் இருந்தன.

"எடுத்துடு அத" என்றாள் மூணாம் மாடி. குரல் உடைந்து, கோபமாக வெளியே வந்தது. "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறதுக்கு ஒரு மெஷினு, அதுக்கு ஒரு படிப்பு. யார் சொல்லிப் பண்ண?"

"நிர்வாக அதிகாரி. மூஞ்சி வேண்டாம், வாளி வேண்டாம், கையும் குழந்தையும் போதும்னாரு. அது யார் கைன்னு எனக்குத் தெரியாதுக்கா. நானும் கேக்கல." கடைசி இரண்டு சொற்களையும் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

நிர்வாக அதிகாரியைப் பார்க்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை, உட்காரச் சொன்னார். தினமும் துடைக்கிற நேரம் தவிர நீல யூனிஃபார்ம் அந்த நாற்காலியில் பட்டதே இல்லை. அவள் நின்றபடியே சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார்.

"அம்மா, அது குறிப்பா யாரோட கையும் இல்ல. ஒரு அடையாளம். நம்ம எல்லாரோட உழைப்பும் அதுல இருக்கு."

"எல்லாரோட உழைப்பும்னா எல்லார் பேரும் போடணுமே சார். டாக்டரம்மா பேரு மட்டும் ஏன் இருக்கு?"

"அவங்கதானே அந்தத் துறைக்குத் தலைவி. சரி, யோசிச்சுப் பாருங்க. பொறந்த குழந்தை, பக்கத்துல அழுக்கு வாளி, கையில கிளவுஸ் கூட இல்ல. இதப் பாத்தா யாரும்மா இங்க பிரசவத்துக்கு வருவாங்க?"

"அப்ப வாளி இல்லாத லிஃப்ட் வர்ற வரைக்கும் உள்ளயே இருடா கண்ணான்னு அதுகிட்ட நான் சொல்லியிருக்கணுமா?"

அவர் புன்னகையை எடுத்து வைத்துவிட்டார். "இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவள் இடுப்பிலிருந்து நான்காக மடித்த மெமோவை எடுத்து மேஜையில் பிரித்து வைத்தாள். "இதுல தேதி இருக்கு, நேரம் இருக்கு, லிஃப்ட் நம்பர் இருக்கு. என் பேரு, அப்பா பேரு, எல்லாம் தப்பில்லாம இருக்கு. திட்டணும்னா முழு ஆளும் வேணும். பேரு வாங்கணும்னா கை மட்டும் போதும். அப்படித்தானே சார்?"

"உங்க கைன்னு அடையாளம் தெரியறதுதான் பிரச்சனைன்னா, அத சரி பண்ணச் சொல்றேன்" என்றார் அதிகாரி. அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் கொடுமை.

திங்கட்கிழமை காலை சட்டங்களுக்குள் புதுப் படம் இருந்தது. அதே இதயம், அதே குழந்தை. கட்டைவிரல் நகம் பிளவு போய், ரோஜா நிறத்தில் பளபளத்தது. தழும்பைக் காணோம். ஓரத்து நீலம் பச்சையாக மாறியிருந்தது. கையின் நிறமே இரண்டு மூன்று படி வெளுத்திருந்தது. அவளுடைய பிடி, அவளுடைய விரல் மடிப்பு, குழந்தையின் பிடரிக்குக் கீழே அவள் கொடுத்திருந்த அதே முட்டு. தோல் மட்டும் வேறு யாருடையதோ.

அவள் கையில் இருந்த துணியைப் பிழிந்தாள். தண்ணீர் வற்றிய பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். வெந்நீர் மாதிரி ஏதோ காதுக்குள் ஏறியது. நேரே படிக்கட்டில் இறங்கி, மாப்பு கையிலேயே இருப்பதுகூடத் தெரியாமல், பப்ளிசிட்டி ரூம் கதவைத் தள்ளினாள்.

"நகத்த எடுத்த. தழும்ப எடுத்த. தோல உரிச்சுட்டியேடி! அந்தத் தழும்பு வந்தப்ப ஒரு மாசம் இடது கையால சாப்பிட்டேன் தெரியுமா? ஒரு கிளிக்குல எடுத்துட்டியே!"

டிசைனர் எழுந்து நின்றாள். "அவரு பக்கத்துலயே உக்காந்து பண்ண வெச்சாருக்கா."

"நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா? நான் இங்க வந்து என் கைய காட்டிட்டுப் போன பிறகு?"

"சொல்லல."

"ஏன்?"

"பயம்" என்றாள் டிசைனர். சாக்கு எதுவும் சேர்க்கவில்லை. பிறகு உட்கார்ந்து, கணினியில் பழைய மெயில் ஒன்றைத் தேடி எடுத்துத் திரையைத் திருப்பினாள். "இத நேத்துதான் தேடிப் பாத்தேன். படத்தோட வந்த கடிதம். பத்து மாசமா இங்கதான் கிடக்குது. என்னைப் படத்த மட்டும்தான் எடுத்துக்கச் சொன்னாங்க, நான் கடிதத்தப் படிக்கவே இல்ல."

மூணாம் மாடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். குழந்தையின் அப்பா எழுதியது. லிஃப்டில் எங்களோடு இருந்த அம்மாவின் பெயர் தெரியவில்லை, பதற்றத்தில் கேட்காமல் விட்டுவிட்டோம், அவர்கள் இல்லையென்றால் எங்கள் மகள் இல்லை, இந்தப் படத்தை தயவுசெய்து அவர்களிடம் சேர்த்துவிடுங்கள், அவர்கள் எங்களைக் கூப்பிட வேண்டும். கீழே போன் நம்பர்.

அவள் அழவில்லை. பத்து மாதம். ஒரே கட்டடம். மூன்று மாடித் தூரம். "எழுதிக் குடு அந்த நம்பர" என்றாள்.

டிசைனர் கதவை ஒரு முறை பார்த்தாள். எழுதிக் கொடுத்தாள்.

அவர்கள் வியாழக்கிழமையே வந்தார்கள். அப்பா பஸ் டிரைவர். அதிகம் பேசாத மனிதர். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் இடுப்பில் இருந்த குழந்தைக்கு முன்பல் இரண்டு முளைத்திருந்தது. மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் டீச்சர், "என்னைப் பாரு, கதவைப் பாக்காதன்னு சொன்னது நீங்கதானே?" என்றார். "குரல் ஞாபகம் இருக்கு. ஆனா அந்த மூஞ்சிய படத்துலதான் நல்லா பாத்தேன்." பேச்சுக்கு நடுவில் அவர் பார்வை எதிர்ச்சுவருக்குப் போயிற்று. படத்தைப் பார்த்தார். பெயரைப் படித்தார். மூணாம் மாடியின் கையை எடுத்துப் பார்த்தார். வகுப்பில் காப்பியடித்த பையனைப் பிடித்த டீச்சரின் முகம் எப்படி இருக்கும் என்று அப்போது அங்கே நின்றிருந்தவர்களுக்குத் தெரிந்தது.

நிர்வாக அதிகாரியின் அறைக்குள் மூவரும் போனார்கள். குழந்தையோடு நால்வர்.

"என் பொண்ணு படத்த யாரைக் கேட்டு மாட்டினீங்க?" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"மேடம், நீங்கதான் அனுப்பியிருந்தீங்க..."

"இவங்ககிட்ட குடுக்கச் சொல்லி அனுப்பினோம். குடுத்தீங்களா? என் புள்ளை கழுத்துல சுத்தின கொடிய கழட்டின கை இது. அதுக்குப் பாலிஷ் போட்டு, பேர மாத்தி, சுவத்துல மாட்டியிருக்கீங்க. ரெண்டே வழிதான். மாட்டினா முழுப் படத்த மாட்டணும், இவங்க பேரோட, வாளியோட. இல்லன்னா என் புள்ளை படம் இந்தக் கட்டடத்துல எங்கயுமே இருக்கக் கூடாது. எழுத்துல குடுக்கறேன்."

அதிகாரி யோசித்தார். ஜன்னலைப் பார்த்தார். மூணாம் மாடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்கூட, சொல்லிவிடுவார், சரி முழுப் படத்தையே போடுவோம் என்று சொல்லிவிடுவார் என்று மனசின் ஒரு மூலையில் அவளுக்கு ஆசை இருந்தது.

"எடுத்துடறோம் மேடம்" என்றார் அதிகாரி.

எடுக்கிற வேலையும் அவளுக்கே வந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடியும் ஏறி இறங்கினாள். ஏழு சட்டங்களையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள். ஆட்கள் வந்து படத்தை உருவிவிட்டு, அதே சட்டங்களில் ஒரு மஞ்சள் பூவை மாட்டினார்கள். பூவும் முட்டை வடிவத்தில், ஓரம் கரைந்துதான் இருந்தது. கீழே யார் பெயரும் இல்லை.

"பாத்தியாக்கா" என்றாள் தங்கச்சி. "கையாவது இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

"போகட்டும். பொய்யா இருக்கறதுக்கு இல்லாம இருக்கறதே மேல்" என்றாள் மூணாம் மாடி. சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. ராத்திரி படுக்கும்போது சரியாக இல்லை. ஒரு வாளியைக் காட்டுவதைவிட ஒரு பூவைக் காட்டுவது அவர்களுக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று நினைக்க நினைக்கப் பல் தானாகக் கடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் பஸ் டிரைவர், வேலைக்குப் போகிற வழியில் வந்து ஒரு பெரிய கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அந்தப் படம், எதுவும் வெட்டாமல், நாலு மூலையும் நேராக. வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் முதலில் நினைத்தாள். பிறகு அடித்தளத்தில் துப்புரவுப் பெண்கள் உடை மாற்றுகிற, வாளிகளும் மாப்புகளும் வைக்கிற அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். மற்ற மாடிக்காரிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "அடியேய், உன் முடியப் பாரு, பேய் மாதிரி" என்றாள் ஐந்தாம் மாடி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

மாலையில் சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "யாரு மாட்டினது? ஆபீஸ்ல பாத்தா என்னைக் கேப்பாங்க. எடுத்துடுங்கக்கா."

"நீங்களே எடுங்க" என்றாள் அவள்.

அவர் மற்றவர்களைப் பார்த்தார். பதினோரு பெண்கள். ஒருத்தியும் நகரவில்லை. சூப்பர்வைசர் படத்துக்குக் கிட்டப் போனார். கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். "அடுத்த மாசம் பெயின்ட் அடிக்க வருவாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். பெயின்ட் அடிக்க இன்னும் யாரும் வரவில்லை. படம் அங்கேதான் இருக்கிறது.

கோபமும் இருக்கிறது. போய்விடும் என்று தங்கச்சி சொன்னாள், போகவில்லை. அவளும் அதைத் துரத்தப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் டாக்டர்கள் கூட்டமாக வராந்தாவில் வந்தால் வாளியை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். இப்போது ஒதுங்குவதில்லை. வராந்தாவின் நடுவில் நின்று தன் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஈரத் தரையில் வழுக்கிவிடாமல் காலைப் பார்த்துப் பார்த்து, அவர்கள்தான் சுவரோரமாக நடந்துபோக வேண்டியிருக்கிறது.